ஆவணமில்லாதவர்களின் கவிதையை வாசிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்கக் கவிதையில் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு புதிய கூட்டம் எழுதிக்கொண்டிருக்கிறது. சின்ன வயதிலேயே விசா இல்லாமல் எல்லை தாண்டி வந்தவர்கள், விசா காலம் முடிந்தும் தங்கிவிட்ட குடும்பங்களின் பிள்ளைகள். அந்த நாட்டில்தான் படித்தார்கள், அந்த நாட்டின் மொழியில்தான் எழுதுகிறார்கள். ஆனால் அந்த நாட்டின் பதிவேட்டில் அவர்களுக்கு இடமில்லை. எல் சல்வடோரில் பிறந்த ஹாவியேர் சமோரா, மெக்சிகோவில் பிறந்த மார்செலோ எர்னாண்டஸ் காஸ்தியோ, பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஜனீன் ஜோசப் ஆகியோர் இவர்களில் முக்கியமானவர்கள்.

இந்தக் கவிதைகளைப் பெரும்பாலும் இரண்டு விதமாகத்தான் படித்துவிடுகிறோம். ஒன்று, ‘ஐயோ பாவம்’ என்று இரக்கப்பட்டுவிட்டுப் புத்தகத்தை மூடுவது. இன்னொன்று, ‘இதெல்லாம் உண்மையிலேயே நடந்ததா?’ என்று கேட்பது. இரண்டாவது கேள்விதான் எனக்குப் பெரிய பிரச்சினையாகப் படுகிறது. குடிவரவு அதிகாரி மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்கும் கேள்வி அது. வாழ்நாள் முழுக்க அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே களைத்தவர்கள் கவிதையிலும் அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று வாசகர் எதிர்பார்ப்பது நியாயமில்லை. அந்த அதிகாரியின் நாற்காலியில் உட்காராமல் வாசிக்க என்ன செய்யலாம் என்பதற்கே இந்த வழிகாட்டி.

முதல் படி: பேசுபவரின் சட்ட நிலை என்ன என்று பாருங்கள்

‘அகதிக் கவிதை’ என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டால் பாதிக் கவிதை புரியாது. அமெரிக்கச் சட்டத்தில் அகதி என்பவர் வெளிநாட்டில் இருக்கும்போதே அந்தத் தகுதி பெற்று உள்ளே வருபவர். புகலிடம் கோருபவர் வந்து சேர்ந்த பிறகு விண்ணப்பிப்பவர். பொதுவாக வந்த ஓராண்டுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். டி.பி.எஸ். எனப்படும் தற்காலிகப் பாதுகாப்பு நிலை போர், நிலநடுக்கம் போன்றவற்றால் திரும்பிப் போக முடியாத நாட்டவருக்குக் கிடைப்பது. எல் சல்வடோர் மக்களுக்கு 2001 நிலநடுக்கங்களுக்குப் பிறகு இது கிடைத்தது. 2012 ஜூன் 15 அன்று ஒபாமா அரசு அறிவித்த ‘டாகா’ திட்டம் சிறுவயதில் வந்தவர்களுக்கானது: 16 வயது நிறைவதற்கு முன் வந்திருக்க வேண்டும், 2007 ஜூன் 15 முதல் தொடர்ந்து அங்கேயே இருந்திருக்க வேண்டும், அறிவிப்பு வந்த நாளில் 31 வயது ஆகியிருக்கக் கூடாது. இவ்வளவும் பிற நிபந்தனைகளும் பொருந்தினால் இரண்டு ஆண்டுகளுக்கு நாடுகடத்தல் ஆபத்து தள்ளிப்போகும், வேலை அனுமதி கிடைக்கும் (2021 நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு இது கிடைப்பதில்லை). குடியுரிமைக்கு வழி கிடையாது. இரண்டு ஆண்டு முடிந்தால் மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம், மறுபடி காத்திருப்பு.

இதில் எதுவுமே இல்லாதவர்தான் முழுக்க ஆவணமில்லாதவர். ஒரே கவிஞர் பத்து ஆண்டுகளில் இந்த நிலைகளில் இரண்டு மூன்றைக் கடந்து வந்திருக்கலாம். கவிதை எழுதியபோது அவர் எதில் இருந்தார் என்று தெரிந்தால், வரிகளில் இருக்கும் பயம் எந்த வகைப் பயம் என்பது பிடிபடும். டாகாவுக்கு விண்ணப்பிப்பவர் தன் வீட்டு முகவரியையும் கைரேகையையும் தானாகவே அரசிடம் ஒப்படைக்கிறார். ஒளிந்திருப்பவரின் பயமும், முகவரி கொடுத்துவிட்டுக் காத்திருப்பவரின் பயமும் ஒன்றல்ல.

இரண்டாம் படி: கவிதையின் ஓரத்தில் ஆண்டுகளைக் குறியுங்கள்

இதை நான் உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். பென்சில் எடுத்துக்கொண்டு சமோராவின் முதல் தொகுப்பைப் படித்துப் பாருங்கள். ‘அன்அக்கம்பனீட்’ (துணையின்றி வந்தவர்) என்பது அதன் பெயர், 2017இல் காப்பர் கேன்யன் பதிப்பகம் வெளியிட்டது.

சமோரா 1990இல் பிறந்தார். எல் சல்வடோரின் உள்நாட்டுப் போர் 1980இல் தொடங்கி 1992இல் முடிந்தது. அந்தப் போரில் அரசுத் தரப்புக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்தது அமெரிக்கா. அப்பா 1991இல் கிளம்பிப் போனார். மகனுக்கு ஐந்து வயது நெருங்கும்போது அம்மாவும் போனார். தாத்தா பாட்டியிடம் வளர்ந்த பையன் 1999இல், ஒன்பது வயதில், தெரியாத ஆட்களோடு கிளம்பினான். குவாத்தமாலா, மெக்சிகோ, கடைசியில் சொனோரா பாலைவனம். இரண்டு வாரத்தில் முடியும் என்று சொன்ன பயணம் இரண்டு மாதம் இழுத்தது.

சரி, ஏன் பாலைவனம்? ஓரத்தில் இன்னொரு ஆண்டையும் எழுதுங்கள்: 1994. அந்த ஆண்டு அக்டோபரில் சான் தியேகோ எல்லையில் ‘ஆபரேஷன் கேட்கீப்பர்’ தொடங்கியது. நகரங்களை ஒட்டிய எளிதான வழிகளை வேலியும் காவலும் போட்டு அடைத்தார்கள். ஆட்கள் வருவது நிற்கவில்லை, வழி மட்டும் மலைக்கும் பாலைவனத்துக்கும் மாறியது. தண்ணீரில்லாமல் சாகிறவர்கள் அதிகமானார்கள். ஆக, அந்தக் கவிதைகளில் வரும் கள்ளிச்செடியும் வெயிலும் வெறும் இயற்கை வருணனை இல்லை. ஒரு பையனை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது அரசாங்க முடிவு. நம் பாலைத்திணைப் பாடல்களில் பழகிய வாசகருக்கு, நிலமும் பிரிவும் சேர்ந்தே வருவது புதிதில்லை. ஆனால் இங்கே பாலையின் கொடுமைக்கு ஒரு தேதியும் ஒரு திட்டத்தின் பெயரும் உண்டு.

மேலும் ஒரு ஆண்டு: 1996. அந்த ஆண்டின் குடிவரவுச் சட்டப்படி, ஆறு மாதத்துக்கு மேல் அனுமதியின்றி இருந்தவர் நாட்டைவிட்டுப் போனால் மூன்று ஆண்டும், ஓராண்டுக்கு மேல் இருந்தவர் போனால் பத்து ஆண்டும் திரும்பி வரத் தடை. பாட்டி சாகக் கிடக்கிறார் என்று ஃபோன் வந்தாலும் போக முடியாது. போனால் இங்கே இருக்கும் வாழ்க்கை போய்விடும். தற்காலிகப் பாதுகாப்பு உள்ளவர்களும் முன்அனுமதி இல்லாமல் போய்வர முடியாது. எல் சல்வடோரை நேரடியாக அழைத்துப் பேசும் சமோராவின் கவிதை ‘நான் திரும்பி வந்தால்’ என்றுதான் தொடங்குகிறது. அந்த ‘ஆல்’ விகுதிக்குப் பின்னால் எவ்வளவு சட்டம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அந்த வரியை மறுபடி படியுங்கள்.

மூன்றாம் படி: ஏஞ்சல் தீவின் சுவர்களைப் படியுங்கள்

இந்த வகைக் கவிதைக்கு அமெரிக்காவிலேயே ஒரு மூதாதை உண்டு. அதைத் தவிர்த்துவிட்டு நேராக இன்றைய கவிதைக்கு வரக்கூடாது என்பது என் கருத்து.

1882இல் அமெரிக்கா சீனத் தொழிலாளர்கள் வரவே கூடாது என்று சட்டம் போட்டது. வணிகர்கள், மாணவர்கள், ஏற்கெனவே குடியுரிமை உள்ளவர்களின் பிள்ளைகள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. 1906இல் சான் ஃபிரான்சிஸ்கோ நிலநடுக்கத்திலும் தீயிலும் பிறப்புப் பதிவுகள் அழிந்தன. அங்கேயே பிறந்ததாகச் சொல்லிக் குடியுரிமை பெறச் சீனர்களுக்கு வழி பிறந்தது. அப்படிப் பெற்றவர்கள், ஊரில் தங்களுக்கு இத்தனை மகன்கள் என்று பதிந்துவைத்தார்கள். அந்த இடங்களில் வேறு வீட்டுப் பையன்கள் வந்தார்கள். ‘காகித மகன்கள்’ என்று அவர்களுக்குப் பெயர்.

இவர்களைப் பிடிக்கத்தான் 1910இல் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஏஞ்சல் தீவு நிலையம் திறக்கப்பட்டது. விசாரணை நாள்கணக்கில் நடக்கும். உங்கள் தெருவில் எத்தனை வீடு? வாசலில் எத்தனை படி? அரிசிப் பானை எந்த மூலையில் இருக்கிறது? பையனும் ‘அப்பா’வும் தனித்தனியே சொல்லும் பதில்கள் ஒத்துப்போக வேண்டும். இதற்காகவே விவரங்கள் எழுதிய பயிற்சிக் குறிப்புகளை மனப்பாடம் செய்து, கப்பல் கரை சேர்வதற்குள் கிழித்துக் கடலில் போட்டுவிடுவார்கள். உண்மையான மகனும் பதிலில் தடுமாறினால் திருப்பி அனுப்பப்படுவான்.

வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில், அந்த மரக்கட்டடத்தில் அடைபட்டிருந்தவர்கள் சுவரில் கவிதை எழுதினார்கள். முதலில் பென்சிலிலும் மையிலும், பிறகு கத்தியால் செதுக்கி. பழைய சீன யாப்பில், பழங்கதைக் குறிப்புகளோடு எழுதினார்கள். நிலையத்தார் அவற்றை மக்கு பூசி அடைத்து மேலே பெயின்ட் அடித்தார்கள். 1930களின் தொடக்கத்தில் அங்கே அடைபட்டிருந்த இருவர் கவிதைகளைத் தாளில் படியெடுத்துக் காப்பாற்றினார்கள். 1940இல் நிலையம் மூடப்பட்டது. கட்டடத்தை இடிக்கவிருந்த நேரத்தில், 1970இல், ஒரு பூங்காக் காவலர் சுவரில் எழுத்துகள் இருப்பதைக் கவனித்தார். இருநூறுக்கும் மேற்பட்ட கவிதைகள் மீட்கப்பட்டிருக்கின்றன.

இந்தச் சுவர்க் கவிதைகளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். விசாரணை அறையில் அதே மனிதர்களிடம் கேட்டது அரிசிப் பானையின் மூலை. சுவரில் அவர்கள் எழுதியது சினம், அவமானம், பழைய வீரர்களின் நினைவு, நாட்டின் பலவீனம் பற்றிய வருத்தம். அதிகாரி கேட்காத எல்லாவற்றையும் சுவரில் எழுதியிருக்கிறார்கள். இதைப் பார்த்துவிட்டு இன்றைய கவிதைக்கு வந்தால், ‘இதில் தகவல் குறைவாக இருக்கிறதே’ என்று தோன்றாது. காஸ்தியோவின் ‘சென்சோந்த்லே’ (2018) தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதில் எல்லை தாண்டிய ஒருவரின் தொகுப்பு. பயணக் கதையை வரிசையாகச் சொல்லுவார் என்று எதிர்பார்த்துப் போனால் பறவைகளும் உடலும் காதலுமாக இருக்கும். தன் வரலாற்றை நேராகச் சொல்ல 2020இல் தனியாக ஒரு உரைநடை நூல் எழுதினார். கவிதையில் அதைத் தேடுவது வீண்.

நான்காம் படி: கவிதை எந்தப் படிவத்துக்குப் பதில் என்று கண்டுபிடியுங்கள்

விண்ணப்பம், வாக்குமூலம், அடையாள அட்டை, கணக்கெடுப்புத் தாள்: இந்தக் கவிதைகள் பலவற்றின் அடியில் ஏதாவது ஒரு அரசாங்கத் தாள் இருக்கும். கவிதையைப் புரிந்துகொள்ளக் கஷ்டமாக இருந்தால் ‘இது யார் கேட்ட கேள்விக்குப் பதில்?’ என்று யோசித்துப் பாருங்கள்.

மிகத் தெளிவான உதாரணம் அமெரிக்காவில் இல்லை. 1964இல் பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷ் எழுதிய ‘அடையாள அட்டை’. இஸ்ரேலுக்குள் இராணுவ ஆட்சியின்கீழ் வாழ்ந்த பாலஸ்தீனர் ஒருவர் அதிகாரியைப் பார்த்து, எழுதிக்கொள் என்று சொல்லித் தன் விவரங்களை அடுக்குகிறார்: அட்டை எண், பிள்ளைகளின் எண்ணிக்கை, தொழில். அதிகாரி நிரப்ப வேண்டிய கட்டங்களையே அவர் எதிர்ப்பாக மாற்றுகிறார்.

52 ஆண்டுகள் கழித்து அந்த வடிவம் அசாமில் முளைத்தது. கிழக்கு வங்கத்திலிருந்து குடியேறிய முஸ்லிம்களை அங்கே ‘மியா’ என்று இழிவாக அழைப்பது வழக்கம். 2016இல் ஹாஃபிஸ் அஹமது, நான் மியா என்று எழுதிக்கொள், குடிமக்கள் பதிவேட்டில் என் எண் இது, எனக்கு இரண்டு பிள்ளைகள், அடுத்த கோடையில் இன்னொன்று பிறக்கும் என்று ஒரு கவிதையை ஃபேஸ்புக்கில் எழுதினார். அதற்குப் பதிலாக வேறு பலரும் எழுத, மியா கவிதை என்ற இயக்கமே உருவானது. அதற்கும் முன்னோடி உண்டு. அசாமின் நெல்லி என்ற ஊரில் இந்த முஸ்லிம்கள் படுகொலை செய்யப்பட்டு இரண்டு ஆண்டுகளில், 1985இல், கபீர் அஹமது ‘பணிவுடன் தெரிவிப்பது யாதெனில்’ என்ற மனு வாசகத்திலேயே ஒரு கவிதையைத் தொடங்கியிருக்கிறார். தாலுகா ஆபீஸ் மனு எழுதிப் பழகிய நமக்கு அந்தத் தொடக்கத்தின் பணிவு எங்கே குத்துகிறது என்று விளக்க வேண்டியதில்லை.

பின்னணியையும் தெரிந்துகொள்ளுங்கள். அசாமின் குடிமக்கள் பதிவேட்டில் இடம்பெற, 1971 மார்ச் 24 நள்ளிரவுக்கு முன் தாமோ முன்னோரோ அங்கே இருந்ததற்கு ஆவணம் காட்ட வேண்டியிருந்தது. 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான இறுதிப் பட்டியலில் 19,06,657 பேர் விடுபட்டார்கள். அதற்கு முன்பே, 2019 ஜூலையில், மியா கவிதைகளுக்காகப் பத்துப் பேர் மீது போலீஸ் வழக்குப் பதிந்தது. கவிதையையும் ஓர் ஆவணமாகத்தான் அரசு படித்திருக்கிறது.

ஐந்தாம் படி: பெயர்களைக் கவனியுங்கள்

எல்லையைக் கடக்க இரண்டாவது முறை முயன்றது பற்றிய சமோராவின் கவிதையில் எல்லைக் காவலர்கள் வரும்போது எல்லோரும் சிதறி ஓடுகிறார்கள். சீனோ என்ற இளைஞன் மட்டும் திரும்பி ஓடிவந்து சிறுவனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான்; பிடிபட்டதும் அவனைத் தன் நெஞ்சுக்கு அடியில் தள்ளி, விழுந்த உதைகளைத் தான் வாங்கிக்கொள்கிறான். அவன் மார்பில் ஒரு கும்பலின் பெயர் பச்சை குத்தியிருக்கிறது. அவனை அழைக்கத் தனக்குத் தெரிந்த ஒரே பெயர் சீனோ என்பதுதான் என்கிறார் கவிஞர். பட்டப்பெயர் மட்டும். சீனோ வர்ஜீனியாவுக்குப் போனான், மாதம் இரண்டு முறை ஃபோன் செய்தான், பிறகு அவன் தப்பி ஓடிவந்த கும்பலே அவனைக் கண்டுபிடித்துவிட்டது.

ஒரு கோப்பில் சீனோ எப்படிப் பதிவாகியிருப்பான்? பச்சை குத்திய அடையாளத்தோடு, முழுப்பெயரோடு, ஆபத்தானவன் என்ற குறிப்போடு. கவிதையில் முழுப்பெயர் இல்லை, நன்றி மட்டும் இருக்கிறது. முழுப்பெயரைத் தேடி கூகுளில் இறங்குவது இந்தக் கவிதைக்குச் செய்யும் துரோகம். ஆவணமில்லாதவர்களின் கவிதையில் ஊர் சொல்லாமல், தெரு சொல்லாமல், ‘மாமா’ என்று மட்டும் சொல்லி நகரும் இடங்கள் நிறைய. உறவினர் யாரோ இன்னும் அங்கே பிடிபடாமல் இருக்கலாம். ஏஞ்சல் தீவுச் சுவரிலும் பெரும்பாலான கவிதைகளில் பெயரோ தேதியோ கிடையாது.

காவலர் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சமோரா எழுதியிருக்கிறார். ‘மறுபடி முயல விடுங்கள்’ என்ற பொருள்படும் கவிதையில் பிடித்த அதிகாரி ஒருவரே அவர்களை எல்லையில் விட்டு, அடுத்த முறை நன்றாக ஓய்வெடுத்துவிட்டு வாருங்கள், இன்னும் ரொட்டியும் மத்தி மீனும் தண்ணீரும் எடுத்துவாருங்கள் என்று அறிவுரை சொல்லி அனுப்புகிறார். இரக்கத்தோடு மட்டும் வாசிக்க வருபவருக்கு இந்தக் கவிதை இடக்காக இருக்கும். இருக்கட்டும்.

ஆறாம் படி: மொழிபெயர்க்கப்படாத சொற்களை அப்படியே விடுங்கள்

ஆங்கில வரிக்கு நடுவே ஸ்பானியம் வரும். மியா கவிஞர்கள் தரப்படுத்திய அசாமியில் எழுதாமல் வீட்டில் பேசும் வழக்கில் எழுதியதற்கே பெரிய சர்ச்சை எழுந்தது. அகராதியைப் பிறகு பார்க்கலாம், முதல் வாசிப்பில் அந்தச் சொல்லின் ஓசை போதும்.

ஏழாம் படி: புத்தகம் அச்சுக்கு எப்படி வந்தது என்று கேளுங்கள்

அமெரிக்காவில் ஒரு கவிஞரின் முதல் தொகுப்பு பெரும்பாலும் போட்டி வழியாகத்தான் வெளிவரும். கையெழுத்துப்படியோடு கட்டணம் கட்டி அனுப்ப வேண்டும், வென்றால் பதிப்பகம் வெளியிடும். இந்தப் போட்டிகள் பலவற்றில் அமெரிக்கக் குடிமகனாகவோ நிரந்தர வசிப்பாளராகவோ இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. எழுத்து எவ்வளவு நன்றாக இருந்தாலும் விண்ணப்பிக்கவே முடியாது.

2015 ஜனவரியில் சமோரா, காஸ்தியோ, கிறிஸ்டபர் சோட்டோ மூவரும் ‘அன்டாக்யுபோயட்ஸ்’ என்ற பெயரில் ஒரு திறந்த மடல் வெளியிட்டார்கள். நூற்றுக்கணக்கான கவிஞர்கள் கையெழுத்திட்டார்கள். பல பதிப்பகங்கள் விதியை மாற்றின. அப்புறம் அதே குழு ஆவணமில்லாத கவிஞர்களுக்கு நல்கையும் கொடுக்கத் தொடங்கியது. காஸ்தியோவின் தொகுப்பு வெளிவந்ததே ஒரு முதல் நூல் பரிசை வென்றதால்தான். ஜனீன் ஜோசப்பின் முதல் தொகுப்பின் பெயர் ‘லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவது’ (2016). கலிபோர்னியாவில் ஆவணமில்லாதவர்களும் ஓட்டுநர் உரிமம் பெறலாம் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது 2015இல்தான் என்பதை அந்தத் தலைப்பின் ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம்.

எட்டாம் படி: தமிழிலிருந்து ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்

நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இலங்கையின் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. சி.வி. வேலுப்பிள்ளை கவிஞர், தேயிலைத் தோட்ட வாழ்க்கையை எழுதியவர், மலையக நாட்டார் பாடல்களைத் தொகுத்தவர். 1947இல் தோட்டத் தொழிலாளர்களின் வாக்கால் நாடாளுமன்றத்துக்குப் போனவரும் அவரே. 1949இல் அவருக்கு வாக்களித்தவர்களின் வாக்குரிமை பறிபோனது. 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று. இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு மலையகக் கவிதைகளைப் படியுங்கள். தமிழ்நாட்டு முகாம்களில் 1983 முதல் தலைமுறையாக வாழும் ஈழத்தமிழரின் எழுத்தையும், ‘அசூல்’ (அரசியல் புகலிடம்) கேட்டு ஐரோப்பாவில் காத்திருந்தவர்களின் எழுத்தையும் இதே வரிசையில் படியுங்கள். சட்டங்கள் வேறு, ஆண்டுகள் வேறு. அவற்றை ஒன்றாக்கிவிடாமல் ஒப்பிடுங்கள்.

நீங்களே எழுதுவதாகவோ மொழிபெயர்ப்பதாகவோ இருந்தால் சில நடைமுறை விஷயங்கள். உங்கள் குடும்பத்திலோ நட்பிலோ விசா நிலை உறுதியில்லாதவர் இருந்தால், அவர் வந்த ஆண்டு, வழி, வேலை செய்யும் கடை, பிள்ளையின் பள்ளி போன்ற விவரங்களை எழுத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியே சாதாரணமாகத் தெரியும், சேர்ந்தால் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அவரிடம் கவிதையை வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். இன்று சரி என்றவர் நாளை வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள், காரணம் கேட்காதீர்கள். மொழிபெயர்க்கும்போது கவிஞர் பட்டப்பெயர் மட்டும் கொடுத்த இடத்தில் முழுப்பெயரை நிரப்பாதீர்கள். சட்டச் சொற்களுக்குத் தமிழ் வைக்கும்போது அகதியையும் புகலிடம் கோருபவரையும் குழப்பாதீர்கள்.

எங்கே தொடங்குவது? சமோராவின் கவிதைகள் சில ‘பொயட்ரி ஃபவுண்டேஷன்’ இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சீனோ பற்றிய கவிதையை முதலில் படியுங்கள். ஏஞ்சல் தீவுக் கவிதைகள் 1980இல் ‘ஐலண்ட்’ என்ற பெயரில் ஆங்கில மொழிபெயர்ப்போடு நூலாக வந்தன. மியா கவிதைகளுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்புகள் இணையத்தில் இருக்கின்றன. இந்த மூன்றையும் படித்தபிறகு காஸ்தியோவிடம் போங்கள். அவரை முதலில் எடுத்தால் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.